வாயில்லா ஜீவன்களின் தோழர் புனித மார்ட்டின்

நாயையும் பூனையையும் வாயில்லா ஜீவன்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அவற்றிற்கு வாய் இருக்கிறது. விடியற்காலையில் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைக் கேட்டவர் எவரும் இதை மறுக்கமாட்டார். குறை நம் செவியில்தான். ஆனால் சிலருக்கு மட்டும் அந்தச் செவி பிறவியிலேயே வாய்த்திருக்கிறது என்றும், அவர்கள் வாய் திறவாமலே, நினைவினாலேயே, தங்கள் வளர்ப்புப் பிராணிகளோடு பேசிக்கொள்வார்கள் என்றும் நம்புகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பிராணியின் மனத்தில் இருப்பதைச் சொல்வதாகக் கட்டணம் வாங்குகிறவர்களும் உண்டு. அவ்வளவு ஏன், தான் மனத்தில் நினைத்த மாத்திரத்தில் தன் பூனை எழுந்து வந்துவிடும் என்று சத்தியம் செய்கிற தோழிகள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடி வென்றவர் இதுவரை எவருமில்லை.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருகிறவர், நானூறு ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு துறவற மடத்துச் சகோதரர். எலிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டவர் அவர். அசிசி நகரப் புனித பிரான்சிஸ் பறவைகளுக்குப் பிரசங்கம் செய்த வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை. இருந்ததை உதறிவிட்டுத் தாமே விரும்பி ஏழையானார். புனித மார்ட்டின் தெ போரஸுக்கோ உதறுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இருந்த ஒன்றை, அதாவது தம் உடம்பின் நிறத்தை, உதறவும் முடியாது.

பெரு நாட்டின் தலைநகர் லீமா. 1535-ஆம் ஆண்டில் ஸ்பானியர் கட்டிய நகரம் அது. அரசர்களின் நகரம் என்று அதற்குப் பட்டப்பெயரும் சூட்டியிருந்தார்கள். அங்குள்ள சான் செபாஸ்தியான் ஆலயத்தில் 1579 டிசம்பர் 9-ஆம் நாள் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தாயின் பெயர் ஆனா வெலாஸ்கஸ். பனாமாவிலிருந்து வந்தவள், கறுப்பினத்தவள், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவள். பதிவேட்டில் தந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், தந்தை இன்னாரெனத் தெரியாது என்று எழுதினார்கள். தெரியாமலா இருந்தது? ஹுவான் தெ போரஸ் என்ற ஸ்பானியப் பிரபுவை லீமாவில் அறியாதவர் இல்லை. பிள்ளை தாயின் நிறத்தைக் கொண்டு பிறந்துவிட்டதே என்பது அவருக்குக் கசப்பு. நிறத்தைப் பார்த்துக் குழந்தையை எடைபோடும் வழக்கம் லீமாவில் மட்டும்தான் இருந்ததா என்ன?

அதே ஆலயத்தில், ஏழாண்டுகளுக்குப் பின்னர், 1586-இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் குழந்தைதான் பிற்காலத்தில் லீமா நகரப் புனித ரோஸ் என்று போற்றப்பட்டவர். ஒரே நகரத்தில், ஒரே காலத்தில் இரண்டு புனிதர்கள்! ஒருத்தி ஸ்பானியக் குடும்பத்தில் பிறந்த மகள். மற்றவர் ஏட்டில் தந்தை பெயர் இல்லாதவர்.

மார்ட்டினுக்குப் பின் ஹுவானா என்ற தங்கையும் பிறந்தாள். சில ஆண்டுகள் கழித்துத் தந்தைக்கு மனம் இளகிற்று. பிள்ளைகளை ஏற்றுக்கொண்டு குவாயாகில் என்ற ஊருக்கு அழைத்துச் சென்று படிப்பித்தார். பிறகு அவருக்குப் பனாமாவில் பதவி கிடைக்கவே, மார்ட்டின் மறுபடியும் லீமாவில் தாயிடம் வந்து சேர்ந்தான். கடைக்கு அனுப்பினால் கூடையிலுள்ளதை வழியிலேயே பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு வீடு திரும்பும் பிள்ளை என்று அவன் சிறு வயதைப்பற்றிச் சொல்வார்கள். ஒரு காசுக்கு வழியில்லாத வீட்டில் இது என்ன தர்மம் என்று தாய் அடித்ததும் உண்டாம். அந்தத் தாயின்மேல் நமக்குக் கோபம் வரவில்லை.

12 வயதில் மார்ட்டினை ஒரு நாவிதரிடம் தொழில் கற்க விட்டார்கள். அந்நாளில் நாவிதர் என்றால் முடி வெட்டுபவர் மட்டுமல்ல. பல் பிடுங்குவது, கட்டியைக் கீறி விடுவது, இரத்தம் எடுப்பது, முறிந்த எலும்பைக் கட்டுவது, பச்சிலை அரைத்து மருந்து கூட்டுவது எல்லாம் அவர் வேலை. நம் கிராமங்களிலும் நாவிதரே வைத்தியராகவும் அவர் மனைவியே மருத்துவச்சியாகவும் இருந்த காலம் ஒன்று உண்டல்லவா? அதுபோலத்தான். வலியால் துடிக்கிறவனைத் துடிக்கவிடாமல் பிடித்துக்கொள்வது எப்படி, சொல்லத் தெரியாத குழந்தைக்கு எங்கே நோகிறது என்று கண்டறிவது எப்படி என்பதெல்லாம் மார்ட்டினுக்கு அங்கே கைவந்தன. பின்னால் நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்த்தபோது அந்தப் பயிற்சிதான் உதவியிருக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. சொல்லத் தெரியாத நோயாளிகள்தாமே அவைகளும்!

15 வயதில், அதாவது இப்போது நம் வகுப்பில் இருக்கும் வயதில், புனித சாமிநாதர் சபையாரின் செபமாலை மாதா மடத்துக் கதவைத் தட்டினார். ஆப்பிரிக்கருக்கோ பூர்வகுடியினருக்கோ பிறந்தவர்கள் சபையில் முழு உரிமையுள்ள துறவிகளாக ஆகக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே மடத்தில் ஊழியம் செய்பவராகச் சேர்ந்தார். சம்பளம் கிடையாது, வார்த்தைப்பாடு கிடையாது, சபையின் உடுப்பு மட்டும் உண்டு. கூட்டிப் பெருக்குவது, துணி வெளுப்பது, சமையற்கட்டில் உதவுவது, மணி அடிப்பது, சந்நியாசிகளுக்கு முடி திருத்துவது ஆகியவை அவர் பணிகள். ஒன்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், 1603-ஆம் ஆண்டில் அவர் வார்த்தைப்பாடு கொடுக்க மேலதிகாரிகள் இசைந்தார்கள். மடத்து மருத்துவமனையும் அவர் பொறுப்பில் வந்தது.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாகவேண்டும். நோயுற்றிருந்த சந்நியாசி ஒருவர், அழைத்தவுடன் மார்ட்டின் வரவில்லை என்ற எரிச்சலில், கலப்பினத்து நாய் என்று அவரை ஏசிவிட்டார். மார்ட்டின் முகம் சுளிக்கவில்லை. தாம் அதைவிடக் கேவலமானவர் என்று சொல்லிவிட்டு, அந்த நோயாளிக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். மற்றொரு முறை, மடம் கடனில் மூழ்கி, மடத்துப் பொருள்களை விற்க அதிபர் புறப்பட்டபோது, மார்ட்டின் பின்னால் ஓடிச்சென்று, தம்மை அடிமையாக விற்றுக் கடனை அடைக்குமாறு கெஞ்சினார். அதிபர் கண் கலங்கி அவரைத் திருப்பி அனுப்பினார். இவற்றைத் தாழ்ச்சிக்கு உதாரணமாகப் பிரசங்கங்களில் எடுத்துச் சொல்வார்கள். தாழ்ச்சிதான், ஐயமில்லை. ஆனால் அவர் தம்மைக் கேவலமானவர் என்று சொல்லிக்கொண்டதில் நமக்கு உடன்பாடு வரவில்லை. ஏசியவரை எண்ணிக் கொதிக்கிறது நம் மனம்.

இன்னொன்றையும் கவனிக்கிறோம். நாய் என்று ஏசப்பட்ட இதே மனிதர்தாம், தெருவில் கிடந்த நாயைச் சகோதரன் என்று அழைத்தார்.

எலிகளின் வரலாற்றுக்கு வருவோம். மடத்து மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளும், கட்டுப்போடும் துணிகளும், பூசை உடுப்புகளும் ஓர் அறையில் இருந்தன. அங்கே எலிகள் புகுந்து துணிகளைக் கடித்துக் குதறின. துணி விலையுயர்ந்த பொருளாக இருந்த காலம். கடலுக்கு அப்பாலிருந்து கப்பலில் வரவேண்டும். சந்நியாசிகள் பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில் எலிப்பாஷாணம் வைப்பதென்று தீர்மானித்தார்கள். மார்ட்டினுக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் எலி ஒன்று அவர் கையில் அகப்பட்டது. அதைக் கொல்லவில்லை, அதனோடு பேசினார். துணிகள் நோயாளிகளுக்கு உரியவை என்றும், அவற்றைக் கெடுப்பது நியாயமல்ல என்றும் எடுத்துச் சொன்னார். பசியினால்தான் அவை இப்படிச் செய்கின்றன என்பதையும் ஒப்புக்கொண்டார். பிறகு தம் பேரத்தைச் சொன்னார். அந்த எலி தன் உற்றார் உறவினர் அனைவரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்தின் கோடிக்குப் போய்விடவேண்டும். போய்விட்டால், நாள் தவறாமல் அங்கே உணவு கொண்டுவந்து வைப்பது தம் பொறுப்பு. இவ்வளவும் சொல்லி எலியைக் கீழே விட்டார்.

சற்று நேரத்தில் சுவரின் பொந்துகளிலிருந்தும், பெட்டிகளின் பின்னாலிருந்தும், கூரையிலிருந்தும் எலிகள் வெளிப்பட்டுச் சாரை சாரையாகத் தோட்டத்தை நோக்கிப் போயின என்பது வரலாறு. இதில் எவ்வளவு கண்டது, எவ்வளவு கதை என்று பிரித்துக் காட்ட நம்மால் ஆகாது. தோட்டத்தில் சோறு இருந்தால் எலி அங்கே போகாமல் எங்கே போகும், இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறவர்களும் இருப்பார்கள். கேட்கட்டும். நமக்கு அதிசயமாகப் படுவது இதன் இரண்டாம் பாதி. எலிகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினவோ இல்லையோ, மார்ட்டின் காப்பாற்றினார். மடத்தில் ஆள் பற்றாத வேலை. வாசலில் பசித்தவர் கூட்டம். இத்தனைக்கும் நடுவே, மிச்சம் மீதியைச் சேர்த்து எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கோடிக்கு நாள்தோறும் நடந்தார். ஓர் எலிக்குக் கொடுத்த வாக்கை மனிதர் யார்தான் பெரிதாக நினைப்பார்கள்?

நாய், பூனை, எலி மூன்றையும் ஒரே தட்டில் உண்ணவைத்தார் என்பது பெரு நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. மடத்தின் ஒரு மூலையில் நாயும் பூனையும் பக்கத்தில் பக்கத்தில் தங்கியிருந்தன. மார்ட்டின் இரண்டுக்கும் ஒரே பாத்திரத்தில் சூப் வைப்பார். ஒருநாள் அவை உண்டுகொண்டிருக்கையில் பொந்திலிருந்து ஓர் எலி தலையை நீட்டிற்று. நாயும் பூனையும் உறுமின. மார்ட்டின் அவைகளைத் தட்டிக்கொடுத்து அமைதிப்படுத்தினார். எலிக்கும் பசிதான் என்று சொல்லி அதை அருகே அழைத்தார். மூன்றும் ஒன்றாக உண்டன. இதைக் கண்டவர்கள் வாய் பிளந்து நின்றார்கள்.

மடத்துப் பொருளாளராக இருந்த சந்நியாசியிடம் ஒரு நாய் இருந்தது. 18 ஆண்டுகள் அவருக்குக் காவலாக இருந்து கிழண்டுபோன நாய். உடம்பெல்லாம் சொறி. அதைக் கொன்றுவிடும்படி அவர் வேலையாட்களுக்கு உத்தரவிட்டார். செய்தி அறிந்த மார்ட்டின் அவரிடம் போய், இத்தனை ஆண்டு உழைத்ததற்கு இதுவா கூலி என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார். தம்மைக் கேவலமாக ஏசியபோது வாய் திறவாதவர், நாய்க்காக மேலதிகாரியைக் கண்டித்தார் பாருங்கள்! நாயைத் தம் அறைக்குக் கொண்டுவரச் செய்தார். மறுநாள் அது எழுந்து நடமாடியது. செத்த நாய் உயிர்த்தது என்பார் சிலர். உயிர் போகுமுன் காப்பாற்றினார் என்று கொண்டாலும் குறைவில்லை. அந்த எஜமானன் இருக்கும் பக்கம் இனித் தலைகாட்டவேண்டாம் என்று நாய்க்குப் புத்தி சொல்லி அனுப்பினாராம். அதுவும் அதன்பின் அவரைக் கண்டால் விலகி ஓடிவிடுமாம். இந்த இடத்தைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது.

கல்லடிபட்டு மண்டை உடைந்த பூனை ஒன்றுக்கு அவர் தையல் போட்டுக் கட்டி, நாளை வா, காயத்தைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்ப, அது மறுநாள் வாசலில் வந்து காத்திருந்தது என்றும் சொல்கிறார்கள். மடத்து நவசந்நியாசிகள் வேடிக்கைக்காகக் கொண்டுவந்து கட்டிவைத்த காளைக்கன்றுகளின் கதை இன்னும் அழகு. தீனியும் தண்ணீரும் இன்றி அவை நாட்கணக்கில் நின்றன. மார்ட்டின் இரவில் புல்லும் தண்ணீரும் சுமந்து போனார். பெரிய காளை சின்னதை அண்டவிடாமல் முட்டியது. அதனிடம், மூத்தவன் நீ, இளையவனுக்கு விட்டுக்கொடுக்கவேண்டாமா என்ற பொருள்பட நயந்து பேசினார். அது ஒதுங்கி நின்றது. நம் வீடுகளில் தம்பிக்கும் தங்கைக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லி அம்மா எத்தனை முறை சொன்னாலும் நாம் ஒதுங்குவதில்லை, காளை ஒதுங்கிற்று.

மடத்தில் நோயாளிகள் பெருகிவிடவே, வெளியாரை உள்ளே கொண்டுவரக்கூடாது என்று மேலதிகாரி தடை விதித்தார். மார்ட்டின் தம் தங்கை ஹுவானாவின் வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார். மனிதருக்கு மட்டுமல்ல, நாய்க்கும் பூனைக்கும் அதுவே புகலிடம். ஹுவானாவின் பாடு திண்டாட்டம். வீடெல்லாம் நாய்கள் அசுத்தம் செய்கின்றன என்று அண்ணனிடம் முறையிட்டாள். அண்ணன் நாய்களைக் கூப்பிட்டு, இனி அதற்கெல்லாம் தெருவுக்குப் போகவேண்டும் என்று சொல்ல, அவையும் அப்படியே செய்தன என்பர். இந்த வரலாறுகளில் ஹுவானாவைப் போதிய அளவு யாரும் புகழ்வதில்லை என்பது நம் மனக்குறை. எலிகளோடு பேசிய அண்ணன் பெரியவர்தான். அவர் கொண்டுவந்து சேர்த்ததையெல்லாம் வைத்துச் சமாளித்த தங்கை சாமானியப்பட்டவளா?

தடையை மார்ட்டின் ஒருமுறை மீறியதும் உண்டு. கத்திக்குத்துப் பட்டு இரத்தம் பெருகக் கிடந்த ஒரு பூர்வகுடி மனிதனைத் தூக்கிவந்து தம் அறையில் கிடத்திக் காப்பாற்றினார். மேலதிகாரி கடிந்துகொண்டபோது, கீழ்ப்படிதலைக் காட்டிலும் பிறரன்பு தாழ்ந்தது என்று தாம் அறிந்திருக்கவில்லை என்று பணிவோடு சொன்னார். அதன்பின் அவரை யாரும் தடுக்கவில்லை.

இப்போது தொடக்கத்தில் சொன்ன பேச்சுக்கே வருகிறோம். மார்ட்டின் பிராணிகளின் மனத்தை நினைவினால் தொட்டாரா? அவரிடம் ஏதோ மறைவான சக்தி இருந்ததென்று அந்நாளிலேயே நம்பியவர்கள் பலர். அவர் ஒரே வேளையில் இரண்டு இடங்களில் காணப்பட்டார், பூட்டிய கதவுக்குள் வந்து நின்றார் என்றெல்லாம் சொன்னார்கள். அவற்றை இங்கே நாம் ஆராயவில்லை. ஆனால் பிராணிகளைப்பற்றிய இந்த நிகழ்ச்சிகளில் மார்ட்டின் எங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு மனத்தால் செய்தி அனுப்பவில்லை. வாய்விட்டுப் பேசினார், கையால் தொட்டார், கூடவே உணவோ மருந்தோ கொண்டுவந்தார்.

ஜெர்மனி நாட்டில் பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். 1904-ஆம் ஆண்டில் அறிஞர் குழு ஒன்றே வந்து பார்த்து, இதில் ஏமாற்று ஏதும் இல்லை என்று சொல்லிச் சென்றது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாக ஆராய்ந்து, 1907-இல் உண்மையை வெளியிட்டார். விடை தெரியாதவர் கேள்வி கேட்டால் ஹான்ஸுக்கும் விடை தெரியவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தாலும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை, அவரே அறியாமல், மயிரிழை அளவு அசையும்; அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். குதிரை மனத்தைப் படிக்கவில்லை, உடம்பைப் படித்தது. நினைத்தவுடன் ஓடிவருகிற பூனையும் அப்படித்தான் எதையோ படிக்கிறது என்று எண்ணுகிறோம். சத்தியம் செய்கிற தோழிகள் பொறுத்தருள்வார்களாக.

உடம்பைப் படிக்கும் இந்தக் கலை பிராணிகளுக்கு மட்டும் உரியதல்ல. அடிமைகளுக்கும் அது தெரிந்தே ஆகவேண்டும். எஜமானனின் கை எப்போது ஓங்கும், புருவம் எப்போது நெரியும் என்று பார்த்துப் பார்த்தே அவர்கள் நாளைக் கழிக்கவேண்டியிருந்தது. மார்ட்டின் அத்தகைய ஒரு தாயின் மகன். ஒரு கை அருகில் வரும்போது அது அடிக்க வருகிறதா, சோறிட வருகிறதா என்று பதறுவது எப்படியிருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. அவருடைய கையைக் கண்டு நாயும் காளையும் எலியும் பதறாதிருந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவேண்டுமா என்பதுதான் நம் கேள்வி.

பிராணிகளையே சொல்லிக்கொண்டிருந்தால் அவர் மனிதரை மறந்தார் என்று ஆகிவிடும். மடத்து வாசலில் நாளொன்றுக்கு 160 ஏழைகளுக்கு அவர் உணவளித்தார் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்ட அடிமைகளுக்குப் பணிவிடை செய்தார். செல்வர்களிடம் கையேந்திப் பணம் திரட்டி, ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் திருச்சிலுவை இல்லத்தை நிறுவினார். சீதனம் இல்லாததால் திருமணம் தடைப்பட்ட ஏழைப் பெண்களுக்குச் சீதனமும் சேர்த்துக் கொடுத்தார். மடத்தாரின் லீமாதம்போ பண்ணையில் ஒலிவ மரங்களை நட்டார்.

1639-ஆம் ஆண்டில் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. தம் முடிவு நெருங்கிவிட்டதென அவர் அறிந்திருந்தார். மன்னரின் பிரதிநிதியாகப் பெருவை ஆண்டுகொண்டிருந்த சிஞ்சோன் பிரபு அந்தச் சிற்றறைக்கே வந்து, முழந்தாளிட்டு, அவர் கையை முத்தமிட்டார். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து தரும் சின்கோனா மரம் நம் நீலகிரியிலும் பயிராயிற்று; அதற்கு அந்தப் பெயர் வந்தது இந்தச் சிஞ்சோன் குடும்பத்தாரை வைத்துத்தான். நவம்பர் 3-ஆம் நாள் இரவு, மற்றச் சந்நியாசிகள் கூடிநின்று விசுவாசப் பிரமாணத்தைப் பாடிக்கொண்டிருக்கையில் மார்ட்டின் உயிர் நீத்தார். அவருக்கு 60 வயது நிரம்ப ஒரு மாதமே இருந்தது. நகரமே மடத்தில் திரண்டது. உடுப்பைத் துண்டு துண்டாக அருளிக்கமென்று வெட்டி எடுத்துவிட்டபடியால், புதிது புதிதாக உடுத்தவேண்டியதாயிற்று.

1660-இல் திருச்சபை அதிகாரிகள் அவர் வாழ்வைப்பற்றிச் சாட்சிகளை விசாரிக்கத் தொடங்கினார்கள். அவரோடு வாழ்ந்து முதுமையடைந்த சந்நியாசிகளும், வேலையாட்களும், நகரத்தாரும் சத்தியப் பிரமாணம் செய்து சொன்னவற்றுள், தீராத நோய் தீர்ந்த வரலாறுகளுக்கு நடுவே, நாயும் பூனையும் எலியும் இடம்பெற்றன. அவருக்கு அருளாளர் பட்டம் 1837-இல் கிடைத்தது. இறந்து 323 ஆண்டுகள் கழித்து, 1962 மே 6-ஆம் நாள், பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அவர் திருநாள் நவம்பர் 3.

அவருடைய சுரூபத்தைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: வெள்ளை அங்கியும் கறுப்பு மேலாடையும், கையில் ஒரு துடைப்பமும் இருக்கும். முழந்தாளிட்டுக் கைமுத்தம் செய்த பிரபுவைச் சிற்பிகள் அதில் செதுக்குவதில்லை. கால்மாட்டில் ஒரு பாத்திரத்தைச் சுற்றி நாயும் பூனையும் இருக்கும். சிறிது குனிந்து பார்த்தால் எலியும் இருக்கும்.